முழு டாங்கி ஒழுகுது, அரை டாங்கி ஒழுகல

10 மார்ச் 1986, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். அலுவலகத்துக்கு எம்.சி., மருத்துவ விடுப்பு, போட்டேன். டாக்டரிடம் வயிற்றுக் கோளாறு என்றேன். யாருடைய வயிறு என்று அவர் கேட்கவில்லை.

கோளாறு என் படகின் டீசல் டாங்கிக்கு.

பலகைத் துறையில் ஆ செங் வழிமறித்தார். அங்கே யார் படகு கட்டலாம், யார் கட்டக்கூடாது என்பதெல்லாம் அவர் கையில். வயது அறுபது. சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீரைக் காட்டினார். என் படகைச் சுற்றி எண்ணெய்ப் படலம், ஏழு நிறத்தில். பார்க்க அழகாகத்தான் இருந்தது, சொல்லவில்லை.

மலாயில் அவர் பேசியதைத் தமிழில் எழுதி வைக்கிறேன். வசவுகளை எடுத்துவிட்டதால் சிறியதாகிவிட்டது: "மேல நாப்பது வீடு, எல்லாம் பலகை. கீழ உன் எண்ணெய். எவனாவது சிகரெட்டைத் தட்டுனா முடிஞ்சுது லா. ஞாயித்துக்கிழமை தண்ணி ஏறையில வந்து பார்ப்பேன். டாங்கிய நிரப்பி வை. ஒரு சொட்டு விழுந்தாலும் படகை அவுத்துக்கிட்டுப் போயிடணும்."

நியாயமான பேச்சு. அதுதான் எரிச்சல். வேறு நாலு துறையில் இடம் கேட்டுப் பார்த்தேன். நாலிலும் சிரித்தார்கள்.

மாலை. குணா வந்திருந்தான். என் மனைவி சரசாவின் தம்பி, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம் ஊர்க்காரன். புதுக் கார், கடல்மேல் புதுப் பாலம், இரண்டையும் ஒன்றாகக் காட்ட வாரம் இரண்டு தடவை வருகிறான்.

"பாலம் போட்டாச்சு மச்சான். இனிமே படகுல போறவன் ஒண்ணு மீன்புடிக்கிறவனா இருக்கணும், இல்ல பைத்தியமா இருக்கணும். நீங்க மீன் புடிச்சு நான் பார்த்ததில்ல."

அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஓர் ஆள் பழைய படகு கேட்கிறாராம். சரசா அவன் தட்டில் இரண்டாவது வடையை வைத்தாள். அவள் ஓட்டு யாருக்கு என்று தெரிந்துபோயிற்று.

விற்க மாட்டேன். இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் கடிதத்தைத் தட்டச்சு செய்கிறேன். யாரையும் கேட்காமல் நான் செய்த காரியம் இந்தப் படகு ஒன்றுதான். (கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது.)

11, செவ்வாய்

வெயில். காதர் பாயின் பட்டறைக்கு டாங்கியைத் தூக்கிப்போனேன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்சந்து. பற்றவைப்பதில் இந்த ஊரில் அவரை அடிக்க ஆளில்லை. அவரே சொன்னது.

டாங்கி இரும்பு. முகத்தில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். சொட்டுவது கீழ்த் தையலில். நானே கண்ணால் பார்த்தேன்.

பாய் சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை அலசினார். கவிழ்த்துத் தண்ணீர் நிரப்பினார். "உள்ள டீசல் ஆவி இருந்துச்சுன்னு வைங்க, டாங்கி இங்க இருக்கும், நம்ம ரெண்டு பேரும் கொம்தார் கட்டடத்து உச்சிக்கு மேல இருப்போம்." பத்தடி தள்ளி நின்றேன். அவர் இன்னும் தள்ளிப் போகச் சொன்னார். பேச்சுத் தொல்லையாம்.

அடித் தையல் முழுக்கப் பற்றவைத்தாயிற்று. பாதி டாங்கி டீசல் ஊற்றிப் பார்த்தோம். சொட்டவில்லை. பாய்க்கு நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தேன். கடையில் கேள்விப்பட்டது: எங்கள் தலைமை எழுத்தர் தலைக்கு மை பூசுகிறாராம். தலையணை உறை சாட்சி. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

12, புதன்

டாங்கியைப் படகில் மாட்டி முழுதும் நிரப்பினேன். அதே தையல். அதே சொட்டு.

இதுவரை செய்து பார்த்தவை: தார். பசை. ரப்பர்த் துண்டு. சரசாவின் நகப்பூச்சு (அவளுக்குத் தெரியாது). கெட்ட வார்த்தை.

ஆ செங் மேலே நின்று விரல் நீட்டிக் காட்டினார்: நாலு. நாலு நாள்.

13, வியாழன்

மறுபடி பட்டறை. பாய் முகத்தில் மானப் பிரச்சினை. டாங்கிக்குள் சைக்கிள் பம்பால் காற்றடித்து, வெளியே சோப்பு நுரை தடவினார். ஓட்டை இருந்தால் நுரை முட்டை விடும். தையல், மூலை, மூடி, எல்லாம் தடவினார். பொட்டைச் சுற்றி வந்தார், பொட்டைத் தொடவில்லை. முட்டை இல்லை.

"டாங்கி சுத்தம்ணே. உங்க கண்ணுலதான் ஒழுகுது."

மாட்டினேன், பாதி ஊற்றினேன். காய்ந்த தையல். நிரப்பினேன். சொட்டு. பாதியில் இல்லை, முழுசில் உண்டு. மாமியார் வீட்டு மரியாதை மாதிரி, கை நிறைந்திருந்தால்தான் வரும்.

குணா போன் செய்தான். ஞாயிறு ஆளைக் கூட்டி வருகிறானாம். "ஒழுகுறதச் சொல்லாதீங்க மச்சான்." சொல்வேன். மைக் வைத்துச் சொல்வேன்.

14, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதவேண்டும்.

மதியம் சரசா துறைக்கு வந்தாள். படகு வாங்கிய ஏழு வருடத்தில் ஆயுத பூசைக்குத் தவிர வந்ததில்லை. கையில் சந்தனக் கிண்ணம். "விக்கிறதுன்னா மூளியா அனுப்பக்கூடாது. புதுசா ஒரு பொட்டு வச்சிட்டுப் போறேன்."

விற்கவில்லை என்றேன். "ஆமாமா" என்றாள்.

பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம், ஏழு பூசைக்கு ஏழு அடுக்கு. ரொட்டிக் கனம் ஏறியிருந்தது. அதை முந்தானையால் துடைத்தாள். வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். பெயர்ந்து வந்தது. பின்பக்கம் துரு. அது இருந்த இடத்தில் மிளகளவு ஓட்டை. டீசல் அவள் கையில் பீய்ச்சியது.

"ஐயோ, என்னங்க!"

விரலை வைத்து அழுத்தச் சொன்னேன். துணி சோப்பை நசுக்கி ஓட்டையில் அப்பினேன். நின்றது. டீசலில் சோப்பு கரையாது. எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம்.

இப்போதுதான் புரிந்தது. ஓட்டை டாங்கி முகத்தில், பாதிக்கு மேலே. நிரப்பினால் மட்டும் டீசல் அந்த உயரத்தைத் தொடும். பொட்டுக்கு அடியில் கசிந்து, தகட்டோடு ஒட்டி வழிந்து, தையலில் போய்ச் சொட்டும். நாங்கள் தையலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

ஈரச் சந்தனம், உப்புக் காற்று. போதாததற்கு, குங்குமம் தடவிய எலுமிச்சையை வருடா வருடம் அதே இடத்தில் பிழிந்து தேய்த்தது நான். சக்தி இறங்குமாம்! இறங்கியிருக்கிறது, தகட்டைத் துளைத்துக்கொண்டு.

பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "நீங்க கும்பிடுற இடம்ணே. நான் எப்படி அதுல கை வைப்பேன்?"

"நானும் வைக்கல பாய். எனக்குச் சாமியவிட அவகிட்ட பயம்."

இரவுச் சாப்பாட்டுக்கு குணா. கேட்டுவிட்டுப் புரையேறச் சிரித்தான். "சாமி கும்பிட்டே ஓட்டை போட்டீங்களாக்கா!"

சரசா வடையை எனக்கு வைத்தாள்.

15, சனி

மேகம். பாய் துருப்பிடித்த இடத்தை உள்ளங்கை அகலம் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். சரசாவும் வந்து நின்றாள். பத்தடி தள்ளித்தான். அவளைப் பேசக்கூடாது என்று பாய் சொல்லவில்லை. ஆளைப் பார்த்துச் சொல்கிறார்.

நிரப்பிப் பட்டறையிலேயே வைத்தோம், மதியம் முழுக்க. சொட்டு இல்லை. நம்பவில்லை.

சாமிக்கு வேறு இடம் வேண்டும். சுக்கான் கட்டையில் வைக்கலாம், மரம் என்றாள் சரசா. அனுமதி கேட்கவில்லை, அறிவித்தாள்.

16, ஞாயிறு

நல்ல வெயில். விடியலிலேயே டாங்கியைப் படகில் மாட்டி நிரப்பிவிட்டேன். தண்ணீர் ஏறுகிறது. ஆ செங் வந்தார். இன்றும் சட்டை இல்லை. டாங்கிக்கு அடியில் சீனப் பத்திரிகையை விரித்தார். பலகையில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தார். எழுந்து, தள்ளிப்போய்ச் சிகரெட் பிடித்தார், பிறகு இன்னொன்று. நான் கை நகம் பத்தும் கடித்து முடித்தேன்.

பத்திரிகையை எடுத்து இரண்டு பக்கமும் முகர்ந்தார்.

"சரி லா. இரு." அவ்வளவுதான். எங்கள் கல்யாணத்துக்குக்கூட என் மாமனார் இவ்வளவு தெளிவாகச் சம்மதம் சொல்லவில்லை.

அப்புறம் குணாவும் பத்து காவான்காரரும். இருவரும் படகில் இறங்கி நடு பெஞ்சில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை என்றதும் குணாவுக்கு முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா மச்சான், இப்பத்தான் விக்கிற மாதிரி இருக்கு!"

நான் வாயைத் திறப்பதற்குள் சரசா. "விக்கிறதுக்காடா நான் கையில டீசல் நாத்தத்தோட ரெண்டு நாளா சோறு திங்கிறேன்?"

"அக்கா, நீதானே விக்கணும்னு..."

"அது அன்னைக்கி."

கயிற்றை அவிழ்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருடமாகியும் அந்தப் பார்வையின் பொருளைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் ஆகும். இன்று ஆகவில்லை. எஞ்சினைத் தட்டினேன்.

நடுக் கடலில் குணா என்னவோ கத்தினான். எஞ்சின் சத்தம். பத்து காவான்காரர் காற்று வாங்கினார், நல்ல மனிதர். டாங்கியை ஐந்து தடவை தடவிப் பார்த்தேன். உலர்ந்த கை.

அக்கரையில், பாகான் டாலாம் படித்துறையில் இருவரையும் இறக்கினோம்.

"மச்சான், விளையாடாதீங்க! என் காரு அந்தப் பக்கம்ல நிக்குது!"

சரசா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பின்னால பெரிய கப்பல் வருது பாருங்க. சட்டுனு திருப்புங்க."