பார்க்காத நேரத்தில் எரியும் விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் அனுப்பிய ஒலிக்கோப்பு இன்றும் பாதியில் அறுந்தது. காலையில் ஒன்று வந்தது, மத்தியானம் வரவில்லை. அதே போன், அதே சர்வர். ஒரேயடியாக வராமல் போனால்கூடத் தேவலை. வருகிற மாதிரி வந்து காலை வாருவதுதான் எனக்கு ஆகாது.

மறைந்த அப்பா பேசிய கேசட்டுகள் ஊரில் அவனுடைய தையல் கடையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் போனில் பதிந்து என் சர்வரில் ஏற்றுகிறான். வாட்ஸ்அப்பில் குரல் நசுங்கிப்போகிறது, அம்மாவின் காதுக்கு எட்டவில்லை. ஒரு காது என்றைக்கோ போயாயிற்று. மிச்சமிருக்கும் காதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பலிக்கலாம், இருப்பதும் போகலாம் என்கிறார் டாக்டர்.

அதற்குள் அம்மாவுக்கு ஒரு கேசட் வேண்டும். அப்பா காலையில் பேப்பரை உரக்கப் படிப்பார், அவள் சமையலறையிலிருந்து "உம்" கொட்டுவாள். ஒருநாள் விளையாட்டாக நாங்கள் பதிந்தது. இருப்பதிலேயே நீளமானது அதுதான். ஏறவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 5, புதன்

என் சர்வருக்கு முன்னால் இன்னொரு சர்வர் நிற்கிறது. வெளியிலிருந்து வருவதை வாங்கி உள்ளே கைமாற்றுவது அதன் வேலை. நான் வைத்த பெயர் வாசல்காரர். கோப்பு பெரிதென்று மறுக்கிறாரோ என்று அளவு வரம்பைக் கூட்டினேன். டிஸ்க் நிறைந்துவிட்டதோ என்று பார்த்தேன், இடம் கொட்டிக் கிடக்கிறது. என் மேசையிலிருந்து அதே அளவு கோப்பை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது! அப்படியானால் கோளாறு அண்ணன் பக்கம். போனில் கேட்டேன்.

"எங்க நெட்டுக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. உன்னை வெச்சுக்கிட்டு அந்த ஆபீஸ் எப்படித்தான் ஓடுதோ!"

தலை நரைத்தவளைப் பாப்பா என்கிறவனிடம் என்னத்தை வாதாடுவது.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும் பாதி. சனியன்.

மார்ச் 9, ஞாயிறு

சர்வரின் லாக் பதிவுகளைத் தோண்டினேன். பாதிக் கோப்பு ஒழுங்காக வருகிறது. பிறகு திடீரென்று மௌனம். வாசல்காரர் காத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார். பாதியில் ஏன் வாயை மூடிக்கொள்கிறது?

அண்ணனிடம் கத்திவிட்டேன். அவனும் விடவில்லை. "கடைக்கு வர்ற ஆளுங்களை நிக்க வெச்சுட்டு இதைத்தான் பண்றேன். நீ என்னமோ நான் வேணும்னே அறுக்குற மாதிரி பேசுற." போனை வைத்துவிட்டான்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்றான்?"

"நாளைக்கு வந்துடுமாம்மா," என்று காதருகில் கத்தினேன்.

"நாளைக்குன்னா சரி," என்றாள். அந்தச் "சரி"யைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கோபத்திலும் அண்ணன் ஒரு சின்னக் கோப்பு அனுப்பியிருந்தான். மத்தியானம் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து கேட்டேன். சின்ன வயதில் நானும் அவனும் மைக்குக்கு அடித்துக்கொள்கிறோம். பாத்திரச் சத்தம், ஏதோ கதவு. திடீரென்று தூரத்திலிருந்து அப்பா —

"எவன்டா லைட்டை அணைக்காம வந்தது? பாக்காத நேரத்துல அது யாருக்கு எரியுது?"

திபுதிபுவென்று அண்ணன் ஓடும் சத்தம். சுவிட்ச் 'டக்'.

வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்த மனுஷன். ஊரார் வீட்டில் வீணாவதுகூட அவருக்குப் பொறுக்காது. அந்த வீட்டில் எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் கை தானாகச் சுவரைத் தடவும். என் கை இன்றைக்கும் தடவுகிறது. அப்போ அவன் கை?

உடனே கூப்பிட்டேன். "கோப்பு ஏறும்போது போனை என்ன பண்ணுவ?"

"என்ன பண்ணுவாங்க, பட்டனை அமுக்கி அணைச்சுட்டுக் கவுத்து வெச்சுட்டு மெஷின்ல உக்காருவேன். பாக்காத நேரத்துல யாருக்கு எரியணும்?"

அட என் அண்ணா! திரை அணைந்ததும் போன் தூங்கிவிடுகிறது, கோப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததெல்லாம் வந்திருக்கிறது, பார்க்காததெல்லாம் அறுந்திருக்கிறது.

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் எதிரே திறந்திருந்த லேப்டாப்பில் வாசல்காரரின் செட்டிங்ஸ் கண்ணில் பட்டது. யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் பொறுப்பது வழக்கம். இதில் பத்தே வினாடி. பேச்சில்லாமல் நிற்கும் இணைப்பை உடனே அணை என்று எழுதியிருப்பது யார்? நான்தான். சும்மா திறந்து கிடப்பது எனக்கும் ஆகாதே!

அவன் அணைக்கிறான், நான் சாத்துகிறேன். நடுவில் மாட்டிக்கொண்டவர் அப்பா. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 12, புதன்

காத்திருக்கும் நேரத்தைத் தாராளமாகக் கூட்டினேன். அண்ணன் கடையை அரைநாள் சாத்திவிட்டுப் போனை எரியவிட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். "அப்பா பாத்தா தோலை உரிச்சுருவாரு பாப்பா," என்று நடுநடுவே லேண்ட்லைனில் புலம்பல்.

முழுசாக வந்தது.

அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினேன். எனக்கே வெளியில் கேட்டது: அப்பா ஏதோ பாலம் கட்டும் செய்தி படிக்கிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "உம்," என்றாள். பிறகு மறுபடியும். சரியாக அவர் மூச்சு வாங்கும் இடங்களில்.

மார்ச் 14, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை ஒன்றும் சொல்வதற்கில்லையாம்.

மார்ச் 24, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் கைதட்டினார், மணி அடித்தார். அம்மா எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அண்ணன் வந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்காமல் ஹெட்போனை மாட்டிப் பார்த்தான். அவள் கழற்றி அவன் மடியில் வைத்து, அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். நானும் அவனும் எழுந்து, கை சுவரைத் தடவாமலே, கூடத்துக்கு வந்து உட்கார்ந்தோம்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் வீடே அதிர, அப்பாவின் அதே இழுப்போடு:

"எவன்டா லைட்டை அணைக்காம வந்தது?"

அண்ணன் திபுதிபுவென்று ஓடினான்.