வெள்ளிக்கிழமைக் காவல்

சாய்ந்தமருது,
திங்கட்கிழமை.

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மனைவி நுஸ்ஹா எழுதுவது. பிள்ளைகள் சுகம். போனில் சொல்லத் தொடங்கினால் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

கடல் காக்கும் பயிற்சிக்கென்று மாலைதீவு போனீர்கள். நம் பவளப்பாறைக்கு நீங்கள் எழுதிய காவல் அட்டவணையைக் காட்டி, பல நாட்டுக்காரரிடமும் பாராட்டு வாங்கினீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நம்மவர்கள் பள்ளிக்குப் போக, பெரியநீலாவணை சவிரிமுத்து அண்ணன் காவல். ஞாயிறு அவர் பூசைக்குப் போக, நம்மவர்கள் காவல். கேட்க நல்லாத்தான் இருந்தது. வெள்ளி நடுப்பகல் கடலில் ஒரே ஒரு மனிதன்தான் நிற்பான் என்பதை நாம் இருவருமே யோசிக்கவில்லை. யோசித்தவன் என் தம்பி நஸீம். நம் வீட்டில் சோறு தின்றபடி அந்த அட்டவணையை வாசித்தவன்.

போன வெள்ளி இரண்டு பேரோடு, பாறையில் வெடி போட்டு மீன் பிடிக்க டைனமைற் கொண்டு போயிருக்கிறான். அண்ணன் தோணியைக் குறுக்கே விட்டு மறித்திருக்கிறார். துடுப்பால் அவர் மண்டையைப் பிளந்தும் இவர்களுடைய வள்ளத்தைப் பிடித்த பிடியை அவர் விடவில்லையாம். நஸீம் டைனமைற்றைப் பற்றவைத்து அவர் தோணிக்குள் எறிந்திருக்கிறான். எடுத்துக் கடலில் வீசப் போனவரின் கையிலேயே வெடித்துவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பள்ளியில் குத்பா கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். "செஞ்ச ஆள அவருக்குத் தெரியும் தங்கச்சி, சொல்றாரில்ல. இன்ஸாப் தம்பிட முகத்த எப்பிடிப் பாக்கிற எண்டு கேக்காரு" என்று அவர் மனைவி ஞானராணி அக்கா அழுதார். இதில் உங்கள் பெயர் ஏன் வந்ததென்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் குசினிக்குள் நஸீம் ஒளிந்திருக்கிறான். எல்லாவற்றையும் அவனே சொன்னான். "அவர் வாய் தொறக்காம மச்சானக் கதைக்கச் சொல்லுங்க ராத்தா" என்றான். அகப்பைக் காம்பு முறியும்வரை அடித்தேன். அவன் முகமெல்லாம் இரத்தம். பிறகு கதவைப் பூட்டிப் பொலிசுக்கு நானே சொன்னேன்.

இப்போது மூவரும் மறியலில், சிறைக்குள் இருக்கிறார்கள். வாப்பா வந்து எனக்கு அறைந்தார், உதடு கிழிந்துவிட்டது. உம்மா என்னோடு கதைப்பதில்லை.

வாப்பா உங்களுக்குப் போன் எடுப்பார். ஆளைத் தெரியாதென்று வழக்கு நாளில் கோட்டில் சொல்லும்படி சவிரிமுத்து அண்ணனிடம் கேட்கச் சொல்வார். நீங்கள் கேட்டால் அவர் சொல்லியும் விடுவார். கேட்காதீர்கள் மச்சான். என்னை நினைத்தும் கேட்காதீர்கள்.

படிப்பை விட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம். ஒருவரைத் தனியே நிறுத்தாமல் கடலைக் காப்பது எப்படியென்று கேட்டு வாருங்கள்.

அல்லாஹ் உங்களைப் பாதுகாப்பானாக. தொழுதுவிட்டு நஸீமுக்கும் துஆக் கேளுங்கள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உங்கள்
நுஸ்ஹா