பதினோரு ஒன்றுகள்

1911 நவம்பர் 20, திங்கள். பாளையங்கோட்டை

என்னைப் பற்றி நானே எழுதுவது அகந்தைதான், மன்னிக்க வேண்டும். கணக்கைத் தவிர வேறெதையாவது எழுதாவிட்டால் கை மரத்துவிடும் போலிருக்கிறது.

பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணை மீதியில்லாமல் வகுப்பவை எவை? பிப்ரவரிக்குள் கண்டுபிடித்தால் எம்.ஏ. உதவித்தொகைக்குச் சிபாரிசு செய்வதாகச் சென்னைப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். சோதிக்க வேண்டிய பகா எண்கள் ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றாலும் வகுத்து, மீதியை எதிரே எழுதுகிறேன்.

சனிக்கிழமை விளக்கு வைத்ததும் அப்பா நோட்டைப் பெட்டியில் பூட்டிவிடுவார். சபை உபதேசியார் அல்லவா! "ஓய்வுநாள்ல கணக்கு என்னட்டி கணக்கு?" என்பார். ஞாயிறு கழிந்து இன்று காலைதான் கையில் கிடைத்தது.

டிசம்பர் 12

இன்று இருபத்தோரு எண்கள் பார்த்தேன். எதுவும் வகுக்கவில்லை. விரல் வீங்கியிருக்கிறது.

1912 ஜனவரி 16

எல்லாம் முடிந்தது. ஒன்றுகூட வகுக்கவில்லை. பதினோரு ஒன்றுகள் பகு எண்தான் என்று பேராசிரியரே எழுதியிருக்கிறார். ஆகவே தவறு என்னுடையது. எங்கே? மறுபடி ஆயிரமா?

"கணக்கு வந்தா மதராசுக்கு அனுப்புதேன்னு சொன்னேன். வரலைல்லா?" என்றார் அப்பா. என்னை வேதநாயகத்துக்குக் கட்டிக்கொடுப்பதாக அவர் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 28, ஞாயிறு

சபைக் கோயிலில் எங்கள் கலியாண அறிவிப்பு ஓலையைப் பாதிரி ஐயர் வாசித்தார். "தடை உண்டானால் சொல்லலாம்." மூன்று ஞாயிறு வாசித்தால் கலியாணம். என் பெயர் வேறு யாருடையதோ போல் கேட்டது.

பிப்ரவரி 4

இரண்டாம் ஓலை. தலைவலி.

பிப்ரவரி 7

வேதநாயகத்தின் தங்கை கெசியா ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தாள். சும்மா நோட்டைப் புரட்டினாள்.

"மதினி, எல்லா நம்பருக்கும் எதுக்க ஒரு துணை இருக்கு. இது மட்டும் ஒத்தையில நிக்கே! இதுக்கு மாப்பிள்ளை அமையலையோ?"

21649. எதிரே மீதி எழுதவே இல்லை, வெறும் இடம். நவம்பரில் ஒரு சனிக்கிழமை பாதியில் பூட்டிய கணக்கு. திங்கட்கிழமை அடுத்த எண்ணிலிருந்து தொடங்கியிருக்கிறேன் — எப்படி அப்படிச் செய்தேன்?

அவள் போனதும் வகுத்தேன். ஈவு 513239. மீதியே இல்லை. திருப்பிப் பெருக்கினேன்: பதினோரு ஒன்றுகள். அழுகைகூட வரவில்லை. அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 10, சனி

நேற்றே பேராசிரியருக்குத் தபாலில் போட்டாயிற்று. இன்று அப்பாவிடம் விடையைக் காட்டினேன். பதினோரு ஒன்றுகளையும் விரல் வைத்து எண்ணினார்.

"நல்லா செஞ்சிருக்கட்டி. ஆனா ரெண்டு ஓலை வாசிச்சாச்சே. சபை என்ன சொல்லும்?"

வேதநாயகம் மேல் ஒரு குறையும் இல்லை. கெசியாவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் இன்றைக்கு விட்டால் பிறகு ஏது? அப்பா எழுந்து வாசல்வரை போய்விட்டார். பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன்:

"அப்பா, நாளைக்கு மூணாம் ஓலை வாசிக்க வேண்டாம்னு ஐயர்கிட்ட சொல்லுங்கப்பா."