செவலைக் கோழிக்கு அம்மன் சொன்ன தீர்ப்பு

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் இன்றும் சொல்லவில்லை: நீ கற்பூரம் காட்டுகிற டிவி அம்மனுக்கு அடுத்த மாதம் வசனம் எழுதப்போவது நான்தான்.

வாராவாரம் ஒரு புதுக் கதை, ஒரு தர்மசங்கடம், கடைசியில் அம்மன் தோன்றித் தீர்ப்புச் சொல்வாள். நேயர்களிடமும் கதை கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுச் சண்டையையே எழுதி அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் செவலைக் கோழி பக்கத்து வீட்டு நிர்மலா அத்தையின் குருணையைத் தின்றுவிட்டு, அவள் விறகு அடுக்கிலேயே முட்டையிடுகிறது. முட்டை யாருக்கு? "கோழி என்னுது" - அம்மா. "தீனி என்னுது" - அத்தை. இவ்வளவுதான். அதன் பிறகு பேச்சில்லை.

அத்தை வீட்டு டிவி பழுது. முன்பெல்லாம் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் பார்ப்பாள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடிப்பதுபோல் நிற்கிறாள். அம்மா ஒலியைக் கூட்டி வைக்கிறாள். ஏன் என்று கேட்டால், "எனக்குக் காது கேக்கலட்டி" என்கிறாள்.

ஜூன் 26

சென்னையிலிருந்து போன். பக்தித் தொடரில் முட்டை வரக்கூடாதாம். கோழி பசுவாகிவிட்டது. முட்டை பாலாகிவிட்டது. குருணை, புல். தீர்ப்பை மட்டும் நான் உடனே எழுதி அனுப்ப வேண்டும்.

ஜூன் 29

படித்த நாவல்களில் எல்லாம் நீதி கடைசிப் பக்கம்வரை தயங்கும். இங்கே எட்டு மணிச் செய்திக்கு முன் வந்துவிட வேண்டும்.

அம்மா பக்கம் எழுதினால் அத்தை இனிச் சுவரோரம்கூட வரமாட்டாள். அத்தை பக்கம் எழுதினால்? அம்மா சேனலை மாற்றிவிடுவாள். மாவு புளித்துப் போனதைச் சொல்ல ஆளில்லாமல், அதை என்னிடமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மாவைப் பற்றி என்ன தெரியும்? அத்தை திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 1

அனுப்பிவிட்டேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரே உடம்பில் பாதி சிவன், பாதி பெருமாள் என்று கும்பிட்டு வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பாதிப் பாதி. "காலைப் பால் பசுவை உடையவளுக்கு, மாலைப் பால் புல்லிட்டவளுக்கு." என் பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மன் வாயைத் திறந்ததும் அம்மா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். சுவருக்கு அப்பால் துணி எதுவும் மடியவில்லை. தீர்ப்பு முடிந்ததுதான் தாமதம், அத்தை நேராக உள்ளே வந்துவிட்டாள்.

"கேட்டீயளா மதினி? நம்ம கததான் இது. அம்மனே சொல்லிட்டா."

"ஆமா. காலையில உள்ளது எனக்கு, சாயங்காலம் உள்ளது உனக்கு. அம்மன் வாக்க மீறப்பிடாது."

பசு என்ற பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. அத்தை மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

"சாயங்காலம் எந்தக் கோழி மதினி முட்ட போடும்?"

அம்மாவும் யோசித்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"அதான. அம்மனுக்கா தெரியாது? எழுதிக் குடுத்தவன் கோழியவே கண்டிருக்க மாட்டான்" என்றாள் அம்மா.

"ஏசி ரூம்ல உக்காந்து எழுதுதான். ஒரு எழவும் தெரியாத பய."

"அவன் அம்மா அவனுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல போல."

"வளப்பு அப்படி."

செய்தி ஓடி முடிந்த பிறகும் திட்டு முடியவில்லை. நடுவில் அம்மா மாவு புளித்த கதையையும் சொல்லிவிட்டாள். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னட்டி சொல்லுத? எந்நேரமும் படிக்கியே."

"தப்புதான் அத்தை" என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

அத்தை எங்கள் வீட்டில் டிவி பார்த்தாள். ஒலி குறைவாகத்தான் இருந்தது. ராத்திரிக்கு முட்டைக் குழம்பு. அத்தைதான் வைத்தாள், எங்கள் அடுப்பில்.