தேங்காய் எண்ணெயும் பென்சில் கரியும்

உள்ளதை உள்ளபடியே எழுதப் போகிறேன், பெரியம்மா. நீங்கள் இருந்தால் நடுவில் மறித்துத் திருத்துவீர்கள். இப்போது முடியாது என்பதால் இன்னும் கவனமாக எழுதுகிறேன்.

இன்று அம்மா உங்கள் கைப்பையை என்னிடம் தந்தார். ஜிப்பைத் தொட்டதும் வழுக்கிக்கொண்டு திறந்தது. விரலெல்லாம் கறுப்பு. அந்தத் தைப்பூசக் காலை நினைவுக்கு வந்தது.

கண்டியில், நம் மஹய்யாவ வீட்டில் எது இறுகினாலும் உங்களுக்குத் தேங்காய் எண்ணெய்தான் மருந்து: கதவு, தையல் மெஷின், என் தலை. அந்தத் தைப்பூசத்துக்கு ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தீர்கள். விடிகாலை பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. அதனால்தான் முந்தின நாளே, இறுகிக் கிடந்த அறைப் பூட்டுக்குள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினீர்கள். கண்டிக் குளிரில் அது வெள்ளையாக உறைந்துவிட்டது. சேலை மாற்ற உள்ளே பூட்டிக்கொண்ட உங்களுக்குச் சாவி திரும்பவில்லை.

"புள்ள, பூட்டு வரமாட்டேங்குது. கொஞ்சம் எண்ணெய் கொண்டா."

நான் எண்ணெய்க்குப் பதில் விஞ்ஞானப் புத்தகத்தோடு வந்தேன். பென்சில் கரியின் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஓர் அடுக்கு மற்றதன் மேல் வழுக்கும் என்று கதவிடுக்கில் வாசித்தேன்.

"பாடத்த அப்புறம் படி. பஸ்ஸு போயிரும்."

சித்திரப் பாடத்துக்கு வாங்கிய மென்மையான பென்சிலைக் கதவுக்கடியில் தள்ளினேன். கொண்டை ஊசியால் எண்ணெயைச் சுரண்டி, சாவியைத் துடைத்து, பற்களில் பென்சிலைத் தேய்க்கச் சொன்னேன்.

"ஈயத்தத் தேச்சிட்டு சாமி முன்னால எப்புடி நிப்பேன்?"

"அது ஈயம் இல்ல பெரியம்மா, கரி."

"கரியா? புதுச் சேலைடி."

முணுமுணுப்போடு தேய்க்கும் சத்தம் கேட்டது. சாவி திரும்பியது. மஞ்சள் சேலையும் கறுப்பு மூக்குமாக வெளியே வந்து, கண்ணாடி பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். கோயிலில் கேட்டவர்களிடம் அது திருஷ்டிப் பொட்டு என்றீர்களாம். கதவைத் திறந்தது முருகன் என்றும் சொன்னீர்களாம்.

பென்சிலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையே என்று அன்று எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் உண்மையை எழுத வேண்டும்: உங்கள் உள்ளங்கைச் சூட்டிலும் எண்ணெய் உருகியிருக்கலாம். முருகனை மறுக்கவும் என்னிடம் பரிசோதனை இல்லை.

ஆனால் பெரியம்மா, பையின் அடியில், விபூதிப் பொட்டலத்தோடு அந்தப் பென்சில் துண்டு கிடந்தது. ஜிப்புக்குத் தேய்த்துத் தேய்த்துச் சுண்டுவிரல் அளவாகியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

இதை அதனால்தான் எழுதுகிறேன். இனி அது என் பெட்டியில் இருக்கும், விபூதியோடுதான். தலைக்கு எண்ணெயும் வைத்துவிட்டேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.