ரஷ்யாவுக்குப் பத்துக்கு எத்தனை?

22 பிப்ரவரி 2022, துபாய்

ரிப்போர்ட் போயாச்சு. எங்கள் கம்பெனி ஐரோப்பாக்காரர்களுக்கு விற்பது ரஷ்யப் படையைப் பற்றிய அபிப்பிராயம். கர்னல் ஐரோப்பாவில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் முதலாளி. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். விருதுநகர் விமல் விவரம் சேகரித்து எழுதுவான். அட்டை, கட்டம், கலர் எல்லாம் நான். பழைய ஃபைலைக் காப்பி எடுத்துத் தேதியை மாற்றி, அதன்மேலேயே புதுசை ஒட்டுவது என் வழக்கம்.

இம்முறை ஒன்பது. உக்ரைனுக்குள் நுழைந்தால் மூன்றே நாளில் முடித்துவிடுவார்களாம். விமல் ஆறுதான் கொடுத்திருந்தான். யார் கேட்டார்கள்?

மகள் சந்தியா எட்டாவது படிக்கிறாள். அவள் இங்கேயே பத்தாவது எழுதி முடிக்கும்வரை என் விசா நின்றால் போதும்.

28 பிப்ரவரி

சண்டை ஆரம்பித்து இன்று ஐந்தாம் நாள். கர்னல் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது.

11 ஏப்ரல்

மதிப்பெண் இரண்டு! டாங்கிகள் டீசல் இல்லாமல் ரோட்டில் நின்றனவாம். "அட்டைப்பெட்டிப் படை என்று நான் அப்போதே சொன்னேனே" என்று மீட்டிங்கில் கர்னல் முழங்குகிறார். எப்போது சொன்னார்? பழைய ரிப்போர்ட்டை வெப்சைட்டிலிருந்து தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

விமல் மறுபடியும் ஆறு. "அண்ணே, ஒன்பதா இருந்த படை ஒன்றரை மாசத்துல ரெண்டாயிருச்சே, நடுவுல வயித்தாலயா போச்சு?"

"வாயை மூடுடா, கேட்டுறப் போறாரு" என்றேன். சிரிப்பை அடக்க பாத்ரூம் ஓடினேன்.

3 செப்டம்பர் 2023

எதிரி அட்டைப்பெட்டி என்றானபின் அவனைப் பற்றிக் காசு கொடுத்துப் படிக்க யாருக்கென்ன பைத்தியமா? மூன்று கிளையன்ட் போயாச்சு. இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது விமலா நானா என்று ஆபீஸே பேசுகிறது.

"நடுவுல ஊருக்குப் போகச் சொன்னா இவ பரீட்சை என்னங்க ஆகும்?" என்றாள் பிருந்தா. எரிந்து விழுந்தேன். பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு? பயம் எனக்கு.

16 ஜனவரி 2024

ஐயோ.

மிச்சமிருந்த பெரிய கிளையன்ட் மதியத்துக்குள் புது ரிப்போர்ட் கேட்டார்கள். கர்னல் லீவில், பனிச்சறுக்கு விளையாடப் போயிருக்கிறார். விமலின் முப்பது பக்கமும் தயார், அதே ஆறு. நான் வழக்கம்போல, எதுவென்று பார்க்காமல், ஒரு பழைய ஃபைலை எடுத்தேன், தேதியை மாற்றினேன். அதற்குள் ஜல்தி ஜல்தி என்று போன். அனுப்பிவிட்டேன். விமலின் பக்கங்களை ஒட்டவே இல்லை! போனது 2022 பிப்ரவரி ரிப்போர்ட், இன்றைய தேதியோடு. ஒன்பது!

தொலைந்தேன். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. பிருந்தாவிடம் எப்படிச் சொல்வேன்?

17 ஜனவரி

பதில் வந்தது. "இன்றைய நிலைமையை இவ்வளவு துணிச்சலாக வேறு யாரும் எழுதவில்லை." ஒரு வருட ஒப்பந்தமாம்! ஐரோப்பாவில் இப்போது எல்லோருக்கும் மறுபடி ரஷ்யப் பயம் பிடித்திருக்கிறது.

கர்னல் போனில் கூப்பிட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "பார்த்தாயா, இரண்டு வருஷம் முன்பே நான் சரியாகச் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

31 ஜனவரி

விமலை நிறுத்திவிட்டார்கள். பழசே விற்கும்போது புதுசாக எழுத ஆள் எதற்கு? கலாஸ், கதை முடிந்தது.

பெட்டி கட்ட உதவினேன். "அண்ணே, நீங்களாவது என் ரிப்போர்ட்டைப் படிச்சீங்களா?" என்று கேட்டான். இரண்டு வருடமாக அவன் பக்கங்களுக்கு ஓரம் சரிபார்த்தவன் நான். ஒரு வரிகூடப் படித்ததில்லை. படித்தேன் என்று பொய் சொன்னேன். சந்தோஷப்பட்டான். வெட்கமாக இருக்கிறது.

13 மார்ச்

சந்தியாவுக்குக் கடைசிப் பரீட்சை. நன்றாக எழுதினாளாம். என் விசாவும் புதுப்பித்தாகிவிட்டது. பதவி: ஆய்வாளர். விமலின் நாற்காலி.

மதியம் கர்னல் கூப்பிட்டு, அடுத்த ரிப்போர்ட்டுக்கு எத்தனை போடலாம், உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

"எந்த கிளையன்ட்டுக்கு சார்?" என்றேன்.

எழுந்து வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.