ஜெயபுரத்தில் இருபது வீடும் ஒரே பதிலும்

ஜெயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சாரங்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். பெங்களூர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டு, நீயும் சுகமாகப் படிக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஒழுங்கு வைக்காவிட்டால் எனக்கே குழம்பிவிடும், ஆகவே:

1. வீட்டுச் சங்கதி.
2. உன் ஆய்வுக் கேள்வித்தாள்.
3. உன் ஊழியப் பயிற்சிக்கு ஒரு ஆலோசனை.

அறுவடை முடிந்து நெல் காய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்துவிட்டது, பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்து, நீ அனுப்பிய உன் இறையியல் பல்கலைக்கழக ஆராதனைப் பாட்டைக் குசினிக்குள் முணுமுணுக்கிறா. கேட்டால், ராகம் நல்லாயிருக்கு என்கிறா. மூன்றாவதை மறந்துவிடுவேனோ என்று இப்போதே எழுதுகிறேன். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் நோயாளரைச் சந்திக்கும் பயிற்சி என்றாய். என்ன கேட்பது, எந்த ஜெபம் சொல்வது என்று தாளில் எழுதிக் கையிலே வைத்துக்கொண்டு போ. அது இல்லாமல் எனக்கு வாய் வராது, நீயும் என் பிள்ளைதானே.

இனி இரண்டாவது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நோயில் கிடந்தபோது உங்களைப் பார்க்க வந்தவர் யார் என்ற உன் கேள்விக்கு, நான் பைலோடு போய்க் கேட்ட இருபது வீட்டிலும் ஒருவரும் இல்லை என்றார்கள், நானும் அப்படியே நிரப்பி அனுப்பினேன். அதை நம்பி, நோயாளியைத் தனியே விடும் ஊர் என்று நீ அத்தியாயம் எழுதி வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் கொடுக்கப் போகிறாய் என்றதும் எனக்கு மனம் கேட்கவில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டு அமராவதியிடம் வெறுங்கையோடு போய் விசாரித்தேன். அவ சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடிவிட்டன. "மாஸ்டர், நீங்கள் பைலும் பேனையுமா வந்து பேரைக் கேட்டா நாங்கள் நிவாரணம், வீட்டுத்திட்டம் எண்டுதானே நினைப்பம். பார்க்க ஆக்கள் இருக்கினம் எண்டு சொன்னா நிவாரணப் பட்டியல்ல எங்கட பேரை வெட்டிப்போடுவினம். சண்டையில இடம்பெயர்ந்து முகாமில இருந்தபோது வந்த பழக்கம். எனக்கு நாலு நாள் கஞ்சி கொண்டு வந்தது உங்கட மனிசிதான், அதையும் இல்லை எண்டு எழுதிக்கொண்டு போனனீங்களே" என்றா.

பைலை வீட்டில் வைத்துவிட்டு இருபது வீடும் திரும்ப ஏறி இறங்கினேன். பிள்ளை, என்ன கதைகள். வேலிச் சண்டையில் தன்னோடு மூன்று வருடம் முகம் பாராத பக்கத்துக் காணிச் சின்னராசாதான் டெங்குக் காய்ச்சலில் தன்னை மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவன் என்று சிவராசா சொன்னான். "இப்பவும் கதைக்கிறேல்லை மாஸ்டர், ஆனா ஆஸ்பத்திரிக்குச் சோறு வந்தது" என்றான். யாரும் வராத வீடு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்த பிறகே எழுதி, இந்தக் கடிதத்தோடு படம் பிடித்துப் போனில் அனுப்புகிறேன். வெள்ளிக்கு முன் அத்தியாயத்தை மாற்றிவிடு, பிழை அப்பாவுடையது என்று பேராசிரியருக்குத் தயங்காமல் சொல்.

நீ கும்பிடுகிற கடவுளும் நாங்கள் கும்பிடுகிற பிள்ளையாரும் உன்னோடு இருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை, வெட்டிவிடு. தாள் ஒன்றும் வேண்டாம், கதிரையை இழுத்து நோயாளிக்குக் கிட்ட இரு.

அன்புடன் அப்பா,
ஏரம்பு